பத்தில் ஒன்பது

வளைகாப்பு வீட்டில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் ஊர் என்ன சொல்லும்? முதலில் சாப்பாட்டைக் குறை சொல்லும். அப்புறம், "விசேஷமா?" என்று கேட்கும். நான் விழுந்தபோது இரண்டும் நடந்தது.

காட்டூரில் என் சித்தி மகள் மதிவதனிக்கு வளைகாப்பு. ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், வீடு நிறையக் கூட்டம். நான் அவள் கையில் பச்சை வளையலை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவளுக்கோ பிரசவத்தை நினைத்து ஒரே பயம். விரல்கள் சில்லென்று இருந்தன.

"எதுக்குடி இப்படி நடுங்குற? காதுக்குப் பின்னாடி வலிமணி இருக்குல்ல? பாதி உனக்கு, பாதி உன் புருஷனுக்கு. எங்களுக்கு ஏது இந்த வசதி? மொத்தத்தையும் நாங்களேதான் பட்டோம். உங்கப்பா வெளிய உக்காந்து காபி குடிச்சிட்டு இருந்தாரு" என்றாள் சித்தி.

எல்லாரும் சிரித்தார்கள். மதிவதனியின் கணவன் மட்டும் சிரிக்கவில்லை. "தாலி கட்டின கையோட மணியையும் வச்சாச்சு. இப்ப முழிச்சா ஆச்சா மாப்ளே?" என்று யாரோ அவனை வாரினார்கள்.

என் வாய் சும்மா இருக்குமா? "எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. மாசாமாசம் எனக்கு வலிக்கும்போது வெந்நீர்ப் பையை வச்சுக்கிட்டுப் படுக்கறது அவர்தான்" என்றேன். இது என் பெருமைகளில் ஒன்று. என் தங்கைகளின் கணவன்மார் எல்லாம் பாதி வலிக்கே மாத்திரை போட்டுக்கொண்டு புலம்புகிறவர்கள். என் அமுதன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சில மாதம் எனக்கு முடிந்து ஒரு வாரம் கழித்துக்கூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் மணி பெரிய வலியைத்தான் கடத்தும், சில்லறை வலி அவரவரோடுதான்; அதனால் அது எனக்குத் தெரியாது. மணியில் ஏதோ கோளாறு, தாமதமாகப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். நினைக்கிறவள் புத்தி அவ்வளவுதான்.

அமுதன் கூடத்தின் மறுபக்கம் ரோஸ்மில்க் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னது காதில் விழுந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அது வந்தது. வலது அடிவயிற்றில், தொப்புளுக்குக் கீழே, பழுக்கக் காய்ச்சிய ஆணியை அடித்தது போல. என் கையிலிருந்த வளையல்கள் தரையில் விழுந்து நொறுங்கின. "ஐயையோ!" என்று சித்தி கத்தியது வளையலுக்கா எனக்கா தெரியவில்லை. விழுந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். அமுதனும் அதே இடத்தை அழுத்திக்கொண்டு, மேஜையில் தலை சாய்த்திருந்தார். ரோஸ்மில்க் வேட்டியெல்லாம் வழிந்துகொண்டிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு என் வலி பெரிதாகப் படவில்லை. ஐயோ, இவருக்கு என்னவோ ஆகிவிட்டது, பாதி வலியே இப்படியென்றால் இவர் உடம்பில் என்ன கோளாறோ என்றுதான் இருந்தது. தவழ்ந்தே அவரிடம் போனேன்.

"ஒண்ணுமில்ல ஓவியா. சரியாயிடும். ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம்" என்றார். முகம் கறுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. இப்படி ஒரு வலியில் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று எந்த மனுஷன் சொல்வான்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சித்தப்பா எங்கள் இருவரையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் ரோட்டில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் எங்களைப் படுக்க வைத்தார்கள். டாக்டர் ரிஸ்வானா என்று ஒரு சின்னப் பெண். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு, ஆனால் கை சுறுசுறுப்பு. இருவருக்கும் ஊசி போட்டார், குறையவில்லை. ஸ்கேன் எடுத்தார், ரத்தம் எடுத்தார். திரும்பி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், இது குடல்வால் வலி. இடம், தன்மை எல்லாம் அதேதான். ஆனா உங்க குடல்வால் நல்லா இருக்கு. மேடம், உங்களோடதும் நல்லா இருக்கு. அப்ப இந்த வலி யாரோடது?"

"யாரோடதா? எங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாரு டாக்டர்?" என்றேன். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

டாக்டர் அமுதனின் தலைமுடியை ஒதுக்கிப் பார்த்தார். வலது காதுக்குப் பின்னால் எங்கள் கல்யாண மணி. பிறகு இடது காதை மடித்தார். அங்கே ஒரு பழைய தழும்பு உண்டு.

"அது காலேஜ்ல கிரிக்கெட் பந்து பட்டது" என்றேன் நான்.

டாக்டர் கையிலிருந்த கருவியைத் தழும்பின் மேல் வைத்தார். அது கீச்சென்றது. "பந்து இல்லம்மா. மணி" என்றார். "பழைய மாடல். உயிரோட இருக்கு."

அமுதன் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு எப்படி இருந்தது என்று எப்படிச் சொல்வேன்? வேறொருத்தியோடு ஓட்டலில் பார்த்திருந்தால்கூட இப்படிப் பற்றி எரிந்திருக்காது. ஒரு பெண்ணோடு பேசலாம், சிரிக்கலாம், ஊர் சுற்றலாம். கேட்டால் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அவள் உடம்பு இவர் உடம்புக்குள் இருந்திருக்கிறது. எனக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டே இவர் அவளாக வலித்திருக்கிறார். அது போதாதென்று இப்போது அவள் வலி என் வயிற்றுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"யாரு அவ?" என்றேன்.

"சம்யுக்தா."

அந்தப் பெயரை அவர் சொன்ன விதம் இருக்கிறதே. அத்தனை மெதுவாக என் பெயரை அவர் சொல்லிக் கேட்டதில்லை.

டாக்டர் நிற்கிறார், நர்ஸ் நிற்கிறார், சித்தப்பா திரைக்கு வெளியே நிற்கிறார் என்றெல்லாம் பார்க்காமல் கேட்டேன். அவரும் வலிக்கு நடுவே திக்கித் திக்கிச் சொன்னார். எனக்கு முன்னால் அவருக்கு ஒரு பெண் நிச்சயமாகியிருந்தது. அந்தக் காலத்தில் நிச்சயத்தன்றே மணியை வைத்துவிடுவது ஒரு மோகம். வைத்தார்கள். கல்யாணத்துக்குச் சில வாரம் இருக்கையில், பெண்ணின் அக்கா வேறு சாதிப் பையனோடு போய்விட்டாள் என்று தெரிந்து என் மாமியார் நிச்சயத்தை முறித்துவிட்டார். பட்டுப்புடவை, மோதிரம், தாம்பூலத் தட்டு எல்லாம் இரண்டு வீட்டுக்கும் ஒழுங்காகத் திரும்பிப் போயின. தட்டில் வைத்த குங்குமச் சிமிழைக்கூட ஞாபகமாகக் கேட்டு வாங்கினார்களாம். காதுக்குப் பின்னால் இருந்ததை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"அதை எடுக்கணும்னா ரெண்டு பேரும் சேர்ந்து போகணும் ஓவியா. நாங்க பாத்துக்கவே கூடாதுன்னு ரெண்டு வீட்லயும் சத்தியம் வாங்கிட்டாங்க."

"அதனால வச்சுக்கிட்டீங்க."

"அதனால வச்சுக்கிட்டேன்."

டாக்டர் கருவியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர் புருவத்தைச் சுருக்கினார். "சார், இது பாதிப் பாதி இல்லையே. பழைய மாடல்ல அளவை நம்மளே மாத்திக்கலாம். நீங்க பத்துல ஒம்பது உங்களுக்கு வர்ற மாதிரி வச்சிருக்கீங்க. அவங்களுக்கு ஒண்ணுதான். உங்க வலி அங்க போகாம அடைச்சும் வச்சிருக்கீங்க."

என் காதில் அந்த எண் மட்டும் விழுந்தது. பத்தில் ஒன்பது.

"எனக்குப் பாதி. அவளுக்குப் பத்துல ஒம்பதா?"

"புது மணியில பாதிக்கு மேல வைக்க முடியாது ஓவியா. சட்டம் அப்படி."

"முடிஞ்சிருந்தா வச்சிருப்பீங்களா?"

அவர் பதில் சொல்லத்தான் செய்தார். வைத்திருப்பேன் என்றுதான் சொன்னார். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்தை நான் பார்த்துவிட்டேன்.

அப்படியானால் கணக்கு என்ன? அவள் வலி இவருக்கு. இவர் வலி எனக்கு. அவள் ராணி மாதிரி ஒரு நோவு நொம்பலமும் இல்லாமல் இருப்பாள், நான் இங்கே புழுவாய்த் துடிக்க வேண்டும். நல்லாயிருக்கிறது நியாயம்!

"அதையெல்லாம் அப்புறம் பேசுங்க" என்று டாக்டர் குறுக்கே வந்தார். "இப்ப வேற விஷயம். அந்தப் பொண்ணுக்குக் குடல்வால் வெடிக்கப் போகுது. ஆனா அவங்களுக்கு இந்த வலியில பத்துல ஒண்ணுதான் தெரியுது. லேசா வாயுத் தொல்லைன்னு நினைச்சுக்கிட்டு எங்கயோ வேலை பாத்துட்டு இருப்பாங்க. அவங்களைக் கண்டுபிடிக்கலன்னா உயிருக்கே ஆபத்து. நம்பர் குடுங்க."

"நம்பர் இல்ல டாக்டர்."

"பொய்!" என்று அவர் செல்போனைப் பிடுங்கினேன். தேடு தேடு என்று தேடினேன். ஒரு நம்பர் இல்லை, ஒரு படம் இல்லை, ஒரு குறுஞ்செய்தி இல்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. எதுவுமே தேவைப்படவில்லை பாருங்கள், இவர்களுக்கு.

"எங்க இருக்காங்கன்னாவது தெரியுமா?" என்றார் டாக்டர்.

"தெரியாது. அப்பவே அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. ஆனா..." அமுதன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "அடுப்பு வேலை அதிகம். விரல் நுனி சுட்டுக்கிட்டே இருக்கும். அதுவும் இடது கைதான். மழைக்காலத்துல இடது முட்டி வலிக்கும். சாயங்காலமானா முதுகு. கல்யாணம் பண்ணிக்கலன்னு நினைக்கிறேன். குழந்தை இல்ல."

"அது எப்படித் தெரியும்?"

"இருந்திருந்தா எனக்கு வலிச்சிருக்கும்."

டம்ளரைத் திடீரென்று கீழே போட்டுவிட்டு விரலை ஊதிக்கொள்வாரே, அது இதுதானா? ஒன்றும் படாத விரலை ஏன் ஊதுகிறீர்கள் என்று எத்தனை முறை கேலி செய்திருப்பேன்.

"என் முட்டியில எது வலிக்கும், சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். வலது என்றார். எனக்கு முட்டியே வலிப்பதில்லை.

டாக்டர் மணிப் பதிவகத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. போலீசுக்குச் சொன்னார். ஆளைப் பற்றிச் சொல்வதற்குப் பெயரும், முட்டி வலியும்தான் இருந்தன.

அதற்குள் எனக்குள் ஒரு முடிவு வந்துவிட்டது. "டாக்டர், இவர் என் புருஷன். ஒருத்தருக்கு ஒரு துணைதான்னு மணிச் சட்டத்துல இருக்கு. கட்டினவ நான் சொல்றேன். இடது காதுல இருக்கறதை எடுங்க."

"ஓவியா, வேணாம்!" அமுதன் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"கட்டினவங்க கேட்டா அந்தப் பொண்ணு வராமலே எடுக்கலாம், சட்டப்படி நான் மறுக்க முடியாது" என்றார் டாக்டர். "ஆனா திடீர்னு எடுத்தா முழு வலியும் ஒரே அடியா அவங்க மேல இறங்கும். அதிர்ச்சியில இதயமே நின்னுடலாம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கணும்னு எங்களுக்கு விதி. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். அவ வலியை அவளே படட்டும்."

அமுதன் கட்டிலிலிருந்து இறங்கி என் காலைப் பிடித்தார். "இத்தனை நாள் அவ வலின்னா என்னன்னே அறியாதவ. தாங்க மாட்டா. செத்துடுவா ஓவியா. உனக்கு என்ன வேணும்னாலும் செய்யறேன்." தேம்பித் தேம்பி அழுதார். என் அப்பா போனபோதுகூட எனக்காக அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அந்த அழுகையைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போயிற்று.

"எடுங்க" என்றேன்.

டாக்டர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு எதையோ முடிவு செய்தவர் போலத் தலையை ஆட்டிவிட்டு, நர்ஸிடம் கத்தியைக் கேட்டார்.

உளுந்து அளவுதான் இருந்தது அந்த மணி. தட்டில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. என் வயிற்றிலிருந்த ஆணி சட்டென்று காணாமல் போயிற்று. அவருக்கும் போயிருக்கும். ஆனால் அவர் வலியில்லாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இப்ப அவளுக்கு எப்படி இருக்கும்" என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

"எப்படி இருந்தா உங்களுக்கென்ன?" என்று கத்தினேன். வெளியே சித்தப்பா இருமினார்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. நாலு பேர் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். காக்கி பேன்ட், எண்ணெய்க் கறை பிடித்த சட்டை. அப்படி ஓர் அலறலை நான் கேட்டதில்லை. அமுதன் எழுந்து நின்றுவிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். துவாக்குடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவள், வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று விழுந்துவிட்டாள் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அந்த ரோட்டில் அவசரத்துக்கு இதைவிட்டால் வேறு ஆஸ்பத்திரி கிடையாது.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் ரிஸ்வானா எங்களிடம் வந்தார். "வெடிக்கிற நிலைமையில இருந்தது. காலையிலேர்ந்தே லேசா வலிச்சிருக்கு. சோடா குடிச்சிட்டு வேலை பாத்திருக்காங்க. அலறப் போய்த்தான் தூக்கிட்டு வந்தாங்க. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தா, சார், உங்க மணியே அவங்களைக் கொன்னிருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன நினைச்சு சொன்னீங்களோ, எனக்குத் தெரியாது. உயிர் பொழச்சிடுச்சு."

என்ன நினைத்துச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அவள் அலற வேண்டும் என்று நினைத்தேன், அலறினாள். அதற்காக நான் வருத்தப்படவுமில்லை, உயிரைக் காப்பாற்றினேன் என்று நெஞ்சை நிமிர்த்தவுமில்லை.

மறுநாள் சாயங்காலம் அவளைப் பார்க்கப் போனேன். நலம் விசாரிக்க இல்லை. முகத்தைப் பார்க்க. அமுதனும் வருவேன் என்றார். வராந்தாவிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

என்னைவிட அழகு என்று சொல்ல முடியாது. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பக்கத்தில் தாடி வைத்த ஒரு ஆள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "என் வீட்டுக்காரர், பெனடிக்ட்" என்றாள்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஏன், ஆகக்கூடாதா?" என்று சிரித்தாள். "நாங்க மணி மட்டும் வச்சுக்கல. எனக்குத்தான் வலியே வராதே. இவர் வலியை நான் எதுக்கு வாங்கணும்?"

நான் அமுதனின் மனைவி என்றேன். அவள் விழித்தாள். "எந்த அமுதன்?"

ஊர், தெரு, மாமியார் பெயர் எல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. "ஓ, அந்த நிச்சயமா! அந்த அம்மா குங்குமச் சிமிழைக்கூடக் கேட்டு வாங்கிட்டுப் போனாங்களே. நின்னதும் நல்லதாப் போச்சு, போங்க. அந்த மணி ஒரு வருஷத்துல தானா அணைஞ்சிடும்னு அப்பாகிட்ட சொன்னாங்களே, அணையலையா?"

அணையவில்லை என்றேன். பத்தில் ஒன்பதைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, முதல் முறை பார்க்கிறவள் மாதிரிப் பார்த்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழங்கைவரை தீக்காயத் தழும்புகள். இடது கையில் இரண்டு விரல்களுக்கு நுனியே இல்லை.

"பட்டறையில என்னை இரும்புன்னு கூப்பிடுவாங்க. எனக்கும் பெருமையா இருக்கும். கம்பி சூடுன்னு என் கைக்குத் தெரியாது. கருகுற வாடை வந்தாத்தான் குனிஞ்சு பாப்பேன்" என்றாள். குரல் மெல்ல ஏறியது. "யாரு கேட்டா அவரை? எனக்கு வலிச்சிருந்தா நான் கையை எடுத்திருப்பேன்ல?"

பெனடிக்ட் எழுந்து அவள் தோளைப் பிடித்தார். அவள் அழவில்லை. "இங்க வந்து பாக்கறேன்னு நிக்க வேணாம்னு சொல்லுங்க. இந்தக் கையால ஏதாவது பண்ணிடுவேன்" என்றாள்.

வெளியே வந்தேன். அமுதன் எழுந்து ஓடிவந்தார். "எப்படி இருக்கா? என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

உங்களை மறக்கவே இல்லையாம், நன்றி சொல்லச் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேறொருத்தியாக இருந்தால் சொல்லியிருப்பாள். நான் எதற்குச் சொல்ல வேண்டும்? ஒன்று விடாமல் உண்மையைச் சொன்னேன். எந்த அமுதன் என்று கேட்டதை, புருஷன் ஆரஞ்சு உரித்ததை, நிச்சயம் நின்றதே நல்லதாப் போச்சு என்றதை, கடைசியாக அந்த விரல்களை. சொல்லச் சொல்ல எனக்கு இனித்தது. ஒழிந்தாள், இனி இவர் எனக்குத்தான் என்று இருந்தது.

அமுதன் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். முழுசாக இருந்த விரல் நுனிகளைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நேற்று அந்தக் குடல்வால் வலியில்கூட அவர் முகம் அப்படி இருக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை பெரிய வலியில் பாதியாவது எனக்கு வருமே என்று காத்திருந்தேன். வரட்டும், வாங்கிக்கொள்கிறேன், கட்டினவள் நான்தானே. என் வலது காதுக்குப் பின்னால் மணியை அழுத்திப் பார்த்தேன். அது வழக்கம்போல லேசான சூட்டோடு இருந்தது.

"எங்க வலிக்குது?" என்றேன்.

"எங்கயும் வலிக்கல ஓவியா. வா, போகலாம்."

"பொய் சொல்லாதீங்க. எங்க வலிக்குதுன்னு கேக்கறேன்ல?"

அவர் எழுந்து நடந்தார். பஸ் ஏறி, வீடு வந்து, கதவைத் திறக்கும்வரை மணியிலிருந்து நான் விரலை எடுக்கவில்லை. ஒன்றும் வரவில்லை. அவ்வளவையும் அவளுக்காக அவர் தனியாகவே வைத்துக்கொண்டார்.